வெளியே போனவர் திரும்பி வந்தார்

கான்சாஸ் பார் ஒன்றில் ஹைதராபாத் என்ஜினியர் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவம், வெளிநாடு போகிறவர்களுக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் அறிவுரைகளின் பலவீனத்தை அம்பலப்படுத்தியது

வேலை முடிந்ததும் நண்பருடன் சற்று நேரம் பேச்சு, ஒரு கிளாஸ் விஸ்கி, பிறகு வீடு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒலேத்தா நகரில் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவுக்கும் அலோக் மதசானிக்கும் இது வழக்கமான ஒன்று. இருவரும் 'கார்மின்' நிறுவனத்தின் என்ஜினியர்கள். இருவருமே தெலங்கானாவிலிருந்து போனவர்கள். ஆஸ்டின்ஸ் பார் அண்ட் கிரில் ஊழியர்களுக்கு அவர்கள் புதியவர்கள் அல்ல. அவர்கள் விரும்பிக் குடிக்கும் விஸ்கியின் பெயரைச் சொல்லியே அடையாளம் காட்டும் அளவுக்குப் பழக்கம்.

2017 பிப்ரவரி 22, புதன்கிழமை மாலை. பாரின் டி.வி.யில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டம். இருவரும் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தனர். அங்கு வந்தார் ஆடம் பியூரிண்டன், 51 வயது, முன்னாள் கடற்படை வீரர். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், என்ன விசா, சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறீர்களா என்று கேள்விகள். பிறகு இனத்தைச் சொல்லி வசவு. தன் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி சத்தம் போட்டார். ஸ்ரீநிவாஸின் மார்பில் விரலால் குத்தினார்.

இருவரும் பதிலுக்குக் கை ஓங்கவில்லை. அலோக் எழுந்து மேனேஜரை அழைத்துவர உள்ளே போனார். அதற்குள் மற்ற வாடிக்கையாளர்கள் குறுக்கிட்டனர். பியூரிண்டன் வெளியேற்றப்பட்டார். அதோடு விஷயம் முடிந்ததாகத்தான் எல்லோருக்கும் தோன்றியது. இருவரும் கிளம்பலாமா என்று யோசித்தனர். ஆனால் அடுத்த மேஜைகளிலிருந்து ஆட்கள் வந்து வருத்தம் தெரிவித்தார்கள். இந்த ஊர் அப்படிப்பட்டதல்ல என்றார்கள். ஒருவர் அவர்களுடைய பில்லையும் கட்டினார். பார் தரப்பிலும் உபசாரம். மரியாதைக்காக இன்னும் சற்று நேரம் உட்கார்ந்தார்கள்.

வெளியே போனவர் கைத்துப்பாக்கியோடு திரும்பி வந்தார்.

ஸ்ரீநிவாஸ் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 32. அலோக்கின் காலில் குண்டு. மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்த இயான் கிரில்லட் என்ற 24 வயது உள்ளூர் இளைஞர் குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது ஆனதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைத்து, ஓடியவரைத் துரத்தினார். கணக்கு தவறிவிட்டது. அவருடைய கையைத் துளைத்த குண்டு மார்பிலும் பாய்ந்தது. பியூரிண்டன் மாநில எல்லையைத் தாண்டி 100 கி.மீ.க்கும் அப்பால் மிசௌரி மாநிலத்தின் கிளிண்டன் நகருக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கே இன்னொரு உணவகத்தில் உட்கார்ந்து குடித்தார். தான் இரண்டு ஈரானியர்களைக் கொன்றுவிட்டதாகவும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்றும் அங்கே பரிமாறிய ஊழியரிடம் சொன்னார். அந்த ஊழியர் போலீசுக்கு போன் செய்தார். நள்ளிரவு கடந்ததும் கைது.

ஒலேத்தா, இரவெல்லாம் விளக்கெரியும் கேளிக்கைத் தெருக்களைக் கொண்ட ஊர் அல்ல. கான்சாஸ் சிட்டியை ஒட்டிய அமைதியான புறநகர். நேரமும் நள்ளிரவு அல்ல, மாலை ஏழேகால் வாக்கில். குடித்துவிட்டு ரகளை செய்தவர்கள் இந்தியர்கள் அல்ல. அவர்கள் தனியாகவும் இல்லை. பாதுகாப்புக் குறிப்புகளில் அச்சடிக்கப்படும் ஒவ்வொரு நிபந்தனையையும் அந்த இருவரும் பூர்த்தி செய்திருந்தார்கள். வாக்குவாதம் செய்யாதே, நிர்வாகத்திடம் சொல், தெரிந்த இடத்துக்குப் போ, துணையோடு போ. எல்லாம் நடந்தது. சுற்றியிருந்தவர்களும் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஒரேயொரு விஷயம்தான் பாக்கி. வெளியேற்றப்பட்டவர் வாசலுக்கு அப்பால் என்ன செய்யப் போகிறார் என்பது.

பார் சண்டைகளின் இயல்பு இதுதான். முதல் சுற்று உள்ளே, எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கும். அதில் தோற்றவர் அவமானத்தோடு வெளியேறுவார். இரண்டாவது சுற்று பார்க்கிங் பகுதியிலோ, தெருமுனையிலோ, அல்லது அதே மேஜையிலோ நடக்கும். ஜூபிலி ஹில்ஸ் பப்களில் வாசல் காக்கும் எந்த பவுன்சருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆளை வெளியே தள்ளுவது அவருடைய வேலையில் பாதிதான். அந்த ஆள் வண்டியேறிப் போகிறாரா என்று பார்ப்பது மறுபாதி. சண்டை நடந்த இடத்தைவிட்டு, குறிப்பாக அதில் ஜெயித்தவர்கள், உடனே கிளம்பிவிடுவது நல்லது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடைப்பது கடினம். ஆனால் அந்த மாலையில் அவர்களை உட்கார வைத்தது அலட்சியம் அல்ல, அன்னியர்களின் அன்பு. அதை மறுத்துவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது சுலபம்.

செய்தி எட்டிய ஹைதராபாத், அமெரிக்காவோடு ரத்த உறவு கொண்ட நகரம். 1998ல் சைபர் டவர்ஸ் திறக்கப்படுவதற்கு முன்பே என்ஜினியரிங் பட்டதாரிகள் அங்கிருந்து விமானம் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அமீர்பேட்டையின் மாடிப்படிகளில் கம்ப்யூட்டர் வகுப்பு விளம்பரங்கள். நகருக்கு வெளியே சில்கூரில் 'விசா பாலாஜி'. அந்தப் பெருமாளிடம் வேண்டிக்கொள்ள 11 சுற்று, விசா கிடைத்தபின் நன்றி சொல்ல 108 சுற்று. 2008ல் அமெரிக்கத் துணைத் தூதரகமே பேகம்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. ஸ்ரீநிவாஸ் போன பாதையும் இந்த வரைபடத்தில் உள்ளதுதான். ஹைதராபாத் ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தில் மேல்படிப்பு, ஐயோவாவில் ராக்வெல் காலின்ஸ் நிறுவனத்தில் வேலை, பிறகு கார்மின். மனைவி சுனயனா துமாலாவோடு ஒலேத்தாவில் சொந்த வீடு. கிரீன் கார்டுக்கான வரிசையில் இடம்.

பிப்ரவரி 28ஆம் தேதி ஜூபிலி ஹில்ஸ் மகாபிரஸ்தானம் மயானத்தில் உடல் தகனம் செய்யப்பட்டபோது, துக்கத்தோடு கோபமும் இருந்தது. இனவெறிக்கு எதிரான அட்டைகளைச் சிலர் ஏந்தி நின்றார்கள். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பாதீர்கள் என்று அலோக்கின் தந்தை மற்ற பெற்றோர்களைக் கேட்டுக்கொண்டார். புதிய அதிபர் டொனால்ட் டிரம்ப் பதவியேற்று ஆறு வாரங்கள்கூட ஆகாத நேரம் அது. அதே 28ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பேசிய அவர், கான்சாஸ் சம்பவத்தைக் கண்டித்தார். ஆறு நாள் கழித்து வந்த கண்டனம்.

இதற்குள் அறிவுரைகளும் வரத் தொடங்கின. அமெரிக்காவில் உள்ள தெலுங்கர் சங்கம் ஒன்று தன் மக்களுக்குச் சொன்னது: பொது இடங்களில் தாய்மொழியில் பேசுவதைத் தவிருங்கள், ஆங்கிலத்தில் பேசுங்கள். வாக்குவாதம் வேண்டாம். தனியாக ஒதுக்குப்புறங்களுக்குப் போகாதீர்கள். புதிய அறிவுரை அல்ல இது. 2009ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தொடர்ந்து தாக்கப்பட்டபோது, ரயிலில் தாய்மொழியில் உரக்கப் பேசாதீர்கள் என்று அங்கே போலீஸ் தரப்பிலேயே சொல்லப்பட்டது. அக்கறையில் பிறந்த வார்த்தைகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒலேத்தாவில் கொலைகாரர் தெலுங்கைக் கேட்டுக் கோபப்படவில்லை. இந்தியர் யார், ஈரானியர் யார் என்றே தெரியாத மனிதர் அவர். தோலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்தவரிடம் ஆங்கிலம் எப்படிக் காப்பாற்றும்? அடி வாங்கியவனை நோக்கி, உன் நடத்தையைத் திருத்திக்கொள் என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வேறு யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியதில் முதலாவது துப்பாக்கி. இதைச் சொல்லும்போது இந்தியா தன்னைப் புனிதமாக நினைத்துக்கொள்ள முடியாது. 1999 ஏப்ரலில் டெல்லியில் டாமரிண்ட் கோர்ட் விருந்தில், மதுவிற்கும் நேரம் முடிந்துவிட்டது என்று சொன்ன குற்றத்துக்காக ஜெஸிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் ஹரியானா அரசியல்வாதி ஒருவரின் மகன் மனு சர்மா. சாட்சிகள் பல்டி அடித்ததால் 2006 பிப்ரவரியில் விடுதலையான அவருக்கு, நாடு முழுவதும் எழுந்த கொந்தளிப்புக்குப் பின், அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஆக, மதுவும் அவமானமும் துப்பாக்கியும் ஒரே அறையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. வித்தியாசம், இந்தியாவில் துப்பாக்கி சிலருடைய சட்டைப்பையில்தான் இருக்கும். கான்சாஸிலோ 2015 ஜூலை முதல் லைசென்ஸ் இல்லாமலேயே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதித்திருந்தது. ஹைதராபாத் பப் ஒன்றிலிருந்து வெளியேற்றப்பட்டவர் நாலு நண்பர்களோடு திரும்பி வரக்கூடும். பாட்டில் உடையும், மண்டை உடையும். அங்கே திரும்பி வருகிறவர் எதைக் கொண்டுவருகிறார் என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரம். ஒலேத்தா சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு, 2018 ஜூலையில், பக்கத்திலேயே உள்ள மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டி உணவகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த வாரங்கலைச் சேர்ந்த 25 வயது மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே வாக்குவாதம்கூட இல்லை. கொள்ளையடிக்க வந்தவரின் தோட்டா.

ஒரு மரணத்துக்குப் பின் அரசு விரைந்து சட்டத்தை மாற்றிய ஊரும் உண்டு. அங்கே கதையின் மறுபக்கம். ரகளை செய்தவர்கள் நம்மவர்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், வாரத்தின் ஒரே விடுமுறை நாளைக் கழிக்க வந்திருந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் மீது பஸ் ஏறியது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், வயது 33. தங்குமிடத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்து, போதையில் இருந்ததால் இறக்கிவிடப்பட்டவர் அவர். சில நிமிடங்களில் சுமார் 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். ஆம்புலன்ஸும் போலீஸ் வண்டிகளும் எரிந்தன. அந்நாடு 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத காட்சி. 25 பேர் மீது வழக்கு, 50க்கும் மேற்பட்டோர் நாடு கடத்தல். விசாரணைக் குழு, மதுவை ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டியது. 2015 ஏப்ரல் முதல், இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை பொது இடங்களில் குடிப்பதற்கு நாடு முழுவதும் தடை வந்தது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் வார இறுதியில் கூடுதல் கட்டுப்பாடு. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மூச்சு விடும் தொழிலாளியின் தனிமை பற்றி அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே அரசு எதையோ செய்தது. கான்சாஸ், மார்ச் 16ஆம் தேதியை இந்திய அமெரிக்கர்களைப் பாராட்டும் நாளாக அறிவித்தது.

குடியேறியவர்கள், தொழிலாளர்கள் ஒருபுறமிருக்க, நாலு நாள் சுற்றுலாவாக இரவு வாழ்க்கையைத் தேடிப் போகும் இந்தியர் கூட்டமும் பெருத்துவிட்டது. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தது. அடுத்த ஆண்டில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போனார்கள். பட்டாயா, பாங்காக் தெருக்களில் தகராறு தொடங்குவது பெரும்பாலும் அற்பக் காசில். பில்லில் எழுதியிருப்பது ஒன்று, வாசலில் சொன்னது ஒன்று. கூட்டி வந்த ஆட்டோ டுக்-டுக் கேட்பது இன்னொன்று. ஐந்து பேராக வந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் குரல் உயரும். அந்தத் தெருவில் கடைக்காரருக்கு ஐம்பது பேர் இருப்பார்கள் என்பது பிறகுதான் தெரியும். தாய்லாந்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனிப் போலீஸ் உண்டு, எண் 1155. பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதோடு வெளியே வந்து, மறுநாள் காலை புகார் செய்பவருக்கு நஷ்டம் சில ஆயிரம் ரூபாய். அங்கேயே நியாயம் கேட்பவருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னொரு கணக்கையும் பலர் போடுவதில்லை. பயணக் காப்பீட்டு பாலிசிகள் பெரும்பாலானவற்றில், போதையில் இருக்கும்போது ஏற்படும் காயங்களுக்குப் பணம் கிடையாது என்று சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

தூதரகம் வந்து மீட்டுவிடும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை இருக்கிறது. வெளிநாட்டில் கைதாகும் இந்தியர், தன் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கலாம். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் தரும் உரிமை அது. கைதாகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கேள்வி. அதிகாரிகள் சிறையில் வந்து பார்ப்பார்கள், வக்கீல்கள் பட்டியல் தருவார்கள். வழக்கில் தலையிட மாட்டார்கள். யாராவது இறந்துவிட்டால் வேலை இன்னும் தெளிவானது. பிரேதப் பரிசோதனை, மரணச் சான்றிதழ், உடல் பதப்படுத்தப்பட்டதற்கான சான்று, பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, தடையில்லாச் சான்று, விமானத்தில் இடம். பணமில்லாத குடும்பங்களுக்காக 2009ல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. 2015 முதல் 'மதத்' என்ற புகார்ப் பதிவு முறையும் உண்டு. ஸ்ரீநிவாஸின் விஷயத்தில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நேரடியாகக் கவனம் செலுத்தினார். ஹூஸ்டன் துணைத் தூதரக அதிகாரிகள் கான்சாஸுக்கு விரைந்தார்கள். ஆறே நாளில் உடல் ஹைதராபாத் வந்து, தகனமும் முடிந்தது. இந்த அளவுக்கு அரசு இயந்திரம் சரியாகவே ஓடியது.

உடலோடு வந்த மனைவியின் கதைதான் எந்த அரசு இயந்திரத்துக்குள்ளும் அடங்காமல் போயிற்று. பத்திரிகைகளில் வந்த வெறுப்புச் செய்திகளைப் படித்துப் பயந்து, இங்கிருந்து போய்விடலாமா என்று கணவரிடம் முன்பே கேட்டவர் சுனயனா. நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்பது ஸ்ரீநிவாஸின் பதில். கொலை நடந்த இரண்டாம் நாள், கார்மின் அலுவலகத்தில் பத்திரிகையாளர்கள் முன் நின்று, வெறுப்புக் குற்றங்களைத் தடுக்க அரசு என்ன செய்யப் போகிறது என்று அவர் கேட்டார். இந்தியா வந்து ஈமக்கிரியைகள் முடிந்தபின்தான் இன்னொன்று உறைத்தது. அமெரிக்காவில் அவர் தங்கியிருந்தது கணவரின் விசாவின் பேரில். கணவர் இறந்ததும் அந்த உரிமையும் போய்விட்டது. சொந்த வீடு அங்கே, வேலை அங்கே, கணவரைக் கொன்றவர் மீதான வழக்கும் அங்கே. திரும்பிப் போக அனுமதி மட்டும் இல்லை. அந்தத் தொகுதியின் குடியரசுக் கட்சி எம்.பி. கெவின் யோடர் தலையிட்டு, ஓராண்டுக்கு வேலை செய்யும் அனுமதி வாங்கித் தந்தார். அதே கட்சியின் அதிபர் 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, சுனயனாவைத் தன் விருந்தினராக யோடர் அழைத்துப் போய் உட்கார வைத்தார்.

வழக்கு நீதிமன்றத்தில் நெடுநாள் இழுக்கவில்லை. 2018 மார்ச்சில் பியூரிண்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மே மாதம் மாநில நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 50 ஆண்டுகளுக்கு பரோல் கிடையாது என்று. மத்திய அரசு தொடுத்த வெறுப்புக் குற்ற வழக்கில் ஆகஸ்ட் மாதம், ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டிய மூன்று ஆயுள் தண்டனைகள். உயிர் தப்பிய கிரில்லட்டுக்கு ஹூஸ்டன் வாழ் இந்தியர்கள் வீடு வாங்கிக்கொள்ள ஒரு லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

'என்றென்றும் வரவேற்பு' என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கிய சுனயனா, கிரீன் கார்டு வரிசைக்காகவும் குரல் கொடுத்தார். அமெரிக்கச் சட்டப்படி வேலைவாய்ப்பின் பேரில் தரப்படும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. சிறிய நாடானாலும் இந்தியாவானாலும் ஒரே அளவு. அதனால்தான் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்து வீடு கட்டியவரும் தற்காலிக விசாவில் சாகிறார்; மனைவியின் விசாவும் அவரோடு சாகிறது. இந்த வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் சபை அதன் இன்னொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அடுத்த மாதம் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியாயிற்று.